சங்கிலியின் மறுமுனை

(மல்லேஸ்வரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் தொலைபேசியில் கேட்டார்: "கம்பன் இருக்கிறான், இளங்கோ இருக்கிறார், அறக்கட்டளைப் பேச்சில் போய் நாயைப் பற்றியா?" நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லித் தொடங்குகிறேன். நாய்க்கும் அறக்கட்டளைக்கும் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டு உறவு உண்டு.

இங்கிருந்து கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் ஆதகூர்க் கல்வெட்டைப் பார்க்கலாம். மண்டியா மாவட்டத்திலிருந்து வந்த கல் அது. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்த செய்தி அதில் இருப்பதால் நம் வரலாற்று ஆசிரியர்கள் அதை விடாமல் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்தக் கல் நடப்பட்டது ராஜாதித்தனுக்காக அல்ல; காளி என்ற வேட்டை நாய்க்காக. கங்க அரசன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன், போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக அந்த நாயைக் கேட்டு வாங்கினான். காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது, இரண்டுமே மாண்டன. நாய்க்குக் கல் நட்டு, அதற்கு வழிபாடு நடக்க நிலமும் விட்டார்கள். அதாவது ஓர் அறக்கட்டளை.

நம் பக்கம் அதற்கும் முந்தியது இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். ஆநிரை கவர்ந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்து விழ, அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்து, இறந்தவன் பக்கத்திலேயே காவல் நின்றதாம். கல்லில் வீரனோடு நாயும் நிற்கிறது.

இந்த இரண்டு கற்களிலும் என் கவனத்தை இழுப்பது வீரமல்ல. இரண்டிலும் நாயின் பெயர் இருக்கிறது, அதற்கு உரியவனின் பெயரும் இருக்கிறது. இது இன்னாருடைய நாய் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. இன்று பெங்களூரில் நாய்க்குப் பெயர் உண்டு: சீசர், சிம்பா, பிரவுனி, லட்டு. அது யாருடையது என்பதற்குப் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் எழுத்து இல்லை. நான் பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

மல்லேஸ்வரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது, நெரிசலான பேட்டைப் பகுதியிலிருந்து மக்களை வெளியே கொண்டுவந்து, காற்றோட்டமாக வாழவைக்க வளர்ந்த பேட்டை இது. எலியும் எலித் தெள்ளுப்பூச்சியும் கொண்டுவந்த நோய்க்குப் பயந்து நேர்கோட்டில் கிராஸ்களும் மெயின் ரோடுகளும் போட்டார்கள். வீடுகளின் பின்புறம் துப்புரவுக்கென்றே சந்துகள் விட்டார்கள். கன்சர்வன்சி சந்து என்று இன்றும் சொல்கிறோமே, அவைதான். விலங்கும் மனிதனும் ஒரே ஊரில் எப்படி இருப்பது என்ற கேள்வியில் பிறந்த ஊருக்கு அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

தனி வீடுகள் இருந்த காலத்தில் நாயின் நிலை அரைகுறையானது. பகலில் தெருவில் திரியும். இரவில் காம்பவுண்டுக்குள் படுக்கும். மிச்சச் சோறு கிடைக்கும். ஊசி என்று ஒன்று கிடையாது. யாரையாவது கடித்தால் "அது எங்க நாய் இல்லைங்க." திருடன் வந்தால் "எங்க நாய்தான் விரட்டுச்சு." இப்போது அந்த வீடுகளை இடித்துவிட்டு நாலு மாடி, ஐந்து மாடி எழுப்பிவிட்டோம். நாய் வீட்டுக்குள் வந்துவிட்டது, பழைய மனப்பான்மை மட்டும் வாசலிலேயே நிற்கிறது.

எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்: செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. ஓரத்து செல்லோடேப் பழுத்து மஞ்சளாகிவிட்டது. நாலாவது மாடியில் ஒரு பெண்மணி, அவரிடம் கிழட்டு லாப்ரடார் ஒன்று. பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டுவிட்டன. துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கித்தான் நடத்துவார். "அங்கிள், இதால படி இறங்க முடியாது, நீங்களே பாருங்க" என்றார். சங்கத்துச் செயலாளர் கல்நெஞ்சர் அல்ல. "எங்க பேத்தி அதைப் பாத்தாலே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சுவத்துல ஒட்டிக்கிறாம்மா. அவளுக்கு நான் என்ன சொல்ல?" என்றார். இரண்டு பேரும் சொன்னது உண்மை. நோட்டீஸ் மட்டும்தான் செல்லாதது.

ஏன் செல்லாது? இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் குடியிருப்போர் சங்கங்களுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் சங்கம் வளர்ப்பு விலங்கைத் தடைசெய்ய முடியாது. லிஃப்டை மறுக்க முடியாது. இனம், அளவு பார்த்து விலக்க முடியாது. குரைக்கிறது என்று சொல்லி வெளியேற்ற முடியாது. அதே நெறிகள் வளர்ப்பவரிடமும் கேட்கின்றன: பொது இடத்தில் கையில் பிடித்துக்கொண்டு போ, ஊசி போடு, கருத்தடை செய், கழிவை நீயே அள்ளு. முதல் பாதியை வாட்ஸாப் குழுவில் ஆயிரம் முறை அனுப்புகிறவர்கள் இரண்டாம் பாதி வந்ததும் மௌனமாகிவிடுகிறார்கள். என் கட்டடத்தில் வழக்குக்குப் போகாமல் தீர்ந்தது. லாப்ரடார் ஏறும்போது குழந்தை அடுத்த நடைக்குக் காத்திருக்கும். குழந்தை உள்ளே இருந்தால் லாப்ரடார் காத்திருக்கும். சட்டம் எழுதியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்காது.

இனி 2018க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூனில் வளர்ப்பு நாய் உரிமத்துக்கான பெங்களூர் மாநகராட்சியான பாலிகேயின் துணைவிதிகள் வெளியே வந்தன. அபார்ட்மென்ட் வீட்டுக்கு ஒரு நாய். தனி வீட்டுக்கு மூன்று. அனுமதிக்கப்பட்ட இனங்களுக்கு ஒரு பட்டியல். கழுத்துக்குள் மைக்ரோசிப். உரிமம் 110 ரூபாய். ஊர் கொதித்தது. ஏற்கெனவே இரண்டு நாய் வைத்திருப்பவர் எதைத் துரத்துவது? பட்டியலில் இல்லாத கலப்பினத்தை, தெருவிலிருந்து எடுத்து வளர்த்ததை, என்ன செய்வது? எதிர்ப்பு கிளம்பிய சில நாளிலேயே விதிகள் கிடப்புக்குப் போயின.

அந்த விதிகளில் உருப்படியானது உரிமமும் சிப்பும். உருப்படாதது எண்ணிக்கையும் இனப்பட்டியலும். இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால் உருப்படாதது மூழ்கியபோது உருப்படியானதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு வீட்டில் எத்தனை நாய் என்பதா பிரச்சினை? ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டுத் தெருவையே தூங்கவிடாமல் செய்கிறவரும் இருக்கிறார். நான்கை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்குச் சத்தமே தெரியாமல் வளர்க்கிறவரும் இருக்கிறார். எண்ணுவது அதிகாரிக்குச் சுலபம், அதனால் எண்ணினார்கள்.

சிங்கப்பூரில் வீட்டுவசதிக் கழக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் உரிமத்தோடு. நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்த விதிக்குள் வாழ்கிறார்கள். அங்கே பூனைக்கு இருந்த தடையைப் பல ஆண்டுக்குப் பின் 2024 செப்டம்பரில் நீக்கி, வீட்டுக்கு இரண்டு என்று அனுமதித்தார்கள். அதற்கும் உரிமம், சிப். அங்கே எண்ணிக்கை விதி நடக்கிறது என்றால், அதற்கு முன்பே பதிவு நடந்துவிட்டதால் நடக்கிறது. நாம் பதிவை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்தோம்.

இனத்தைப் பிடிக்கும் ஆசை டெல்லிக்கும் வந்தது. 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களை மூர்க்கமானவை என்று சொல்லி, இறக்குமதி, விற்பனை, இனப்பெருக்கத்துக்குத் தடை போடும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பெங்களூர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்றது. நாய் பிரியர்கள் இனிப்பு வழங்காத குறை. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: வளர்ப்பு நாய் ஒருவரைத் தாக்கினால் சிகிச்சைச் செலவு உரிமையாளர் தலையில், நஷ்டஈடு அதற்கு மேல். இனம் குற்றவாளி அல்ல என்று சொன்ன கையோடு, அப்படியானால் பொறுப்பு யாருடையது என்றும் சொல்லிவிட்டது.

அடுத்த மாதமே சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள் அவள். அதற்குப் பிறகு சென்னை மாநகராட்சி உரிமத்தில் இறுக்கிப் பிடித்தது. இப்போது உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் வரை வந்திருக்கிறது. குழந்தை கடிபட்ட பிறகுதான் பதிவேட்டைத் திறப்போம் என்பது நம் நிர்வாகத்தின் தீராத வழக்கம்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு: தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 1,000 ரூபாய்தான். மறுபக்கம் பாருங்கள். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த விலங்கைப் பட்டினிக்குக் கைவிட்டுவிட்டுப் போவது குற்றம். முதல்முறை அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். எட்டாவது கிராஸில் ஒரு தட்டு மசால் தோசையின் விலைகூட அல்ல. ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து வாதாடிப் பெற்ற சட்டம் அது. பின்பு விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த நாளில் ஐம்பது ரூபாய் என்பது பணம். அறுபது ஆண்டுக்கு மேலாக அந்தத் தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெருநாய்ப் பிரச்சினை என்று நாம் தனியாகப் பேசுகிறோமே, அது தெருவில் மட்டும் பிறப்பதல்ல.

தெருநாய்களைப் பொறுத்தவரை பெங்களூர் ஒரு காரியத்தை ஓரளவு சரியாகச் செய்திருக்கிறது. 2007இன் தொடக்கத்தில் இந்த ஊரில் குழந்தைகள் நாய்களால் கொல்லப்பட்டார்கள். ஆத்திரத்தில் நாய்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள். பிறகும் நாய்கள் இருந்தன. ஓரிடத்து நாய்களை அழித்தால் குப்பையும் சோறும் இருக்கும்வரை பக்கத்துத் தெரு நாய்கள் வந்து நிரப்பும். சென்னை மாநகராட்சியும் பல பத்தாண்டுகள் கொன்று பார்த்துவிட்டு 1996இல்தான் நிறுத்தியது. கருத்தடைதான் வழி என்று புளூ கிராஸ் 1960களிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. பெங்களூரில் அந்த வேலையைத் தோளில் எடுத்துப் போட்டவர்களில் கியூபா (CUPA) என்ற விலங்கு நல அமைப்பு முக்கியமானது. கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1991இல் தொடங்கியது.

வேலை நடக்கும் விதம் இதுதான். வலையோடு வண்டி வரும். பிடிப்பார்கள், அறுவை செய்வார்கள், வெறிநோய்த் தடுப்பூசி போடுவார்கள், மயக்கத்திலேயே காதில் சின்னதாக ஒரு வெட்டு. ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டு விதிகள். நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது உங்கள் தெரு நாயின் காதைப் பாருங்கள். வெட்டு இருந்தால் அதற்கு ஒருமுறையாவது ஊசி போயிருக்கிறது. 2019 கணக்கெடுப்பில் நகரத்தில் 3.1 லட்சம் தெருநாய்கள், 2023இல் 2,79,335. கருத்தடை ஆனவை சுமார் 51 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 72 ஆயின. குறைந்திருக்கிறது. பெரிதாகக் குறையவில்லை.

ஏன்? குப்பை ஒரு காரணம். ஆசையாக வாங்கி, ஆறு மாதத்தில் அலுத்து, வேலை மாறி வெளிநாடு போகும்போது நைஸ் ரோடு ஓரத்தில் இறக்கிவிட்டுப் போவது இன்னொரு காரணம். அப்படி விடப்பட்ட நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. வீட்டோடு இருந்தாலும் கருத்தடை செய்யாமல் வாசலில் அவிழ்த்துவிடும் பெட்டை, இரண்டே மாதத்தில் ஐந்தாறு குட்டி போடும். குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துக் கோயில் வாசலில் விட்டுவிடுவார்கள். புண்ணியத் தலம் பாருங்கள்! பாலிகே ஒரு முனையில் அறுத்துக்கொண்டே போக, நாம் இன்னொரு முனையில் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். கணக்கெடுப்பு தெருவில் நின்று எண்ணியது. வீடுகளுக்குள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்கு உரிமப் பதிவேடுதான் ஆதாரம். அதில் பெயர் கொடுத்தவர்களோ மிகச் சிலர்.

2025இல் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஜூலையில், 5,000 தெருநாய்களுக்குத் தினமும் கோழிக்கறிச் சோறு போட ஏறத்தாழ 2.9 கோடி ரூபாய்க்குப் பாலிகே டெண்டர் விட்டது. நாடு முழுக்கச் சிரித்தார்கள். என்னால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. பசித்த நாயைவிட வயிறு நிறைந்த நாயைப் பிடித்து ஊசி போடுவது எளிது. ஆனாலும் முன்னுரிமை தவறு என்றே சொல்வேன். அந்தப் பணத்துக்கு ஊசி போட்டிருக்கலாம்.

ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம். 11ஆம் தேதி ஓர் அமர்வு, டெல்லி வட்டாரத்து நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: ஊசியும் கருத்தடையும் முடித்துப் பிடித்த இடத்தில் விடலாம், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது, தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக்கூடாது, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும். நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிப்பவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. இந்த உத்தரவுகள் சரியா என்று மணிக்கணக்கில் சண்டை போடலாம். எனக்கு அந்த ஆகஸ்ட் உத்தரவில் பிடித்தது, பலரும் கவனிக்காத ஓர் இடம்: தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் எடுக்கலாம், எடுத்தபின் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

வெறிநோயைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் குற்றம். அறிகுறி தோன்றிய பின் அனேகமாக யாரும் பிழைப்பதில்லை. அறிகுறி தோன்றுமுன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் அனேகமாக யாரும் இறப்பதில்லை. இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த நோய் வேறு இல்லை. கர்நாடகம் 2022 டிசம்பரில் மனித வெறிநோயை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து ஊசி போட்டால் பரவல் அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எழுபதில் சீசரும் சிம்பாவும் அடக்கம். "எங்க டாமி வீட்டை விட்டே போகாது, அதுக்கு எதுக்கு ஊசி" என்று கேட்கிற மாமிகளுக்கும் மாமாக்களுக்கும்: வீட்டு நாய் கடித்தாலும் கடிதான். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருத்துவர் சொல்லும் எல்லா ஊசியையும் முடியுங்கள்; பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

2025 செப்டம்பரில் பாலிகேயே போய்விட்டது. ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. மல்லேஸ்வரம் மேற்கு மாநகராட்சியில் இருக்கிறது. புது அலுவலகம், புதுப் பலகை. துணைவிதிகளைப் புதிதாக எழுத இதைவிட நல்ல வேளை வராது. எழுதும்போது இனத்தையும் எண்ணிக்கையையும் தொடவேண்டாம். உரியவரின் பெயர், சிப் எண், ஊசித் தேதி, கருத்தடை ஆயிற்றா இல்லையா, இவை நான்கும் இருக்கட்டும். கருத்தடை செய்த நாய்க்கு உரிமம் இலவசம், செய்யாததற்குக் கட்டணம் என்று வையுங்கள். கைவிடுகிறவரைச் சிப்பை வைத்துப் பிடியுங்கள். பிடித்தால் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பாதீர்கள். உரிமம் பெற நான்கு அலுவலகம் அலையவிடாமல், ஊசி போடும் கால்நடை மருத்துவரிடமே பதிவு முடியும்படி செய்யுங்கள்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்த அரங்கில் நாய் வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். கேட்பது பெரிதல்ல: தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து அடுத்த ஊசி என்றைக்கு என்று இன்றிரவே பாருங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பொறியுங்கள். நடைக்குப் போகும்போது சட்டைப்பையில் இரண்டு பழைய செய்தித்தாள் வையுங்கள், சங்கிலியைச் சுருக்கிப் பிடியுங்கள். இன்னும் கருத்தடை செய்யவில்லை என்றால் இந்த மாதமே செய்துவிடுங்கள். வளர்க்க முடியாத நிலை வந்தால் வேறொரு வீட்டைத் தேடிக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டார் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.